தற்காலிக விசாவிலிருந்து நிரந்தர வதிவிடம் வரை: மட்டக்களப்பு, அம்பாறை மக்களுக்கான வழிகாட்டி

வெளிநாட்டில் வேலை விசாவிலோ படிப்பு விசாவிலோ தற்காலிகப் பாதுகாப்பு விசாவிலோ இருக்கும் ஒருவர் நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, அந்நாட்டு அதிகாரி மூன்று விடயங்களைப் பார்க்கிறார்: இவர் இங்கு சட்டப்படி எவ்வளவு காலம் இருந்தார், எப்படி உழைத்து வாழ்ந்தார், தன்னை யார் என்று சொல்கிறாரோ அவர்தானா. முதல் இரண்டுக்குமான சான்றுகள் அங்கேயே இருக்கின்றன. மூன்றாவதற்கான சான்றுகள் களுவாஞ்சிகுடியிலும் ஏறாவூரிலும் கல்முனையிலும் திருக்கோவிலிலும் உள்ள பிரதேச செயலகங்களின் பதிவேடுகளில் கிடக்கின்றன. மட்டக்களப்பில் மொழிபெயர்ப்புக்காக என் மேசைக்கு வரும் கோப்புகளில் இழுபடுபவை பெரும்பாலும் இந்த மூன்றாவது விடயத்தால்தான் இழுபடுகின்றன. கடைசித் திகதி நெருங்கிய பிறகு வயதுபோன தாயையோ மச்சானையோ கச்சேரிக்கும் கந்தோருக்கும் அலையவிடுவதைத் தவிர்க்க விரும்புகிறவர், விசா கிடைத்த முதல் ஆண்டிலேயே இந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

எந்த விசா எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்

கையிலிருக்கும் விசாவுக்கு நிரந்தர வதிவிடத்துக்கான பாதை உண்டா என்பதே முதற் கேள்வி. காத்தான்குடியிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் ஏராளமானோர் போயிருக்கும் வளைகுடா நாடுகளில், சாரதியாகவோ வீட்டுப் பணிப்பெண்ணாகவோ எத்தனை ஆண்டு உழைத்தாலும் இகாமா எனப்படும் வதிவு அனுமதி நிரந்தர உரிமையாக மாறுவதில்லை. கத்தார் 2018 இல் நிரந்தர வதிவிடச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால் அங்கு பிறக்காதவருக்கு 20 ஆண்டு வதிவு, ஆண்டுக்கு 100 பேர் என்ற வரம்பு ஆகியவற்றைப் பார்த்தால் அது நம்மவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல என்று விளங்கும். இருந்தும் வளைகுடாவில் கழித்த ஆண்டுகளை மறந்துவிட முடியாது. அவை பின்னர் வேறொரு நாட்டின் விண்ணப்பத்தில் திரும்பி வரும்.

பிரித்தானியாவில் திறன்சார் தொழிலாளர் விசாவில் 5 ஆண்டுகள் தொடர்ந்து இருந்தவர் காலவரையற்ற வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதே நீண்டகால நடைமுறை. மாணவர் விசாவிலும் பட்டதாரி விசாவிலும் இருந்த ஆண்டுகள் இந்த ஐந்தில் சேராது. 10 ஆண்டு நீண்டகால வதிவு என்ற வேறு வழியில்தான் அவை கணக்கிடப்படும். 2025 மே மாதம் வெளியான வெள்ளை அறிக்கை எனப்படும் அரசின் கொள்கை அறிக்கை அடிப்படைக் காலத்தையே 10 ஆண்டாக்க முன்மொழிந்ததால், பக்கத்து அறையில் இருப்பவர் மூன்று ஆண்டுக்கு முன் எடுத்த வழியை அப்படியே பின்பற்றாமல், விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்நாட்டு அரசின் இணையத்தளத்தில் விதியை வாசித்துவிட வேண்டும்.

கனடாவில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி எனப்படும் திறன்சார் குடிவரவு முறையின் கனேடிய அனுபவ வகுப்புக்கு, கடந்த 3 ஆண்டுகளுக்குள் குறைந்தது 1,560 மணித்தியாலத் திறன்சார் வேலை அங்கு செய்திருக்க வேண்டும். முழுநேரமாகப் படித்துக்கொண்டே செய்த பகுதிநேர வேலை இதில் சேராது. இதை அறியாமல் இரண்டு ஆண்டு உணவகத்தில் உழைத்ததை அனுபவமாகக் காட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஜேர்மனியில் திறன்சார் தொழிலாளருக்கான காத்திருப்பு 2024 மார்ச் முதல் 3 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. ஓய்வூதியக் காப்புறுதிக்குப் பணம் கட்டிய மாதங்களும் பி1 எனப்படும் இடைநிலைத் தரத்து ஜேர்மன் மொழியும் அங்கு கேட்கப்படும்.

சுவிற்சர்லாந்தில் எஃப் எனப்படும் தற்காலிக அனுமதியில் இருப்பவர் 5 ஆண்டுகளின் பின் பி எனப்படும் வதிவு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். நிரந்தர வதிவிடமான சி அனுமதிக்குப் பொதுவாக மொத்தம் 10 ஆண்டு வதிவு வேண்டும். கடைசி 5 ஆண்டும் இடைவெளியின்றிப் பி அனுமதியில் கழிந்திருக்க வேண்டும். நன்றாக ஒன்றிணைந்தவர் என்று மாநிலம் ஏற்றுக்கொண்டால் 5 ஆண்டிலும் கிடைக்கும், ஆனால் அப்போது பேச்சில் பி1 தரம் கேட்பார்கள். சாதாரண வழிக்கு அதைவிடத் தாழ்ந்த தரங்களான பேச்சில் ஏ2, எழுத்தில் ஏ1 போதும். மொழியைவிட நம்மவர்களை அதிகம் மறிப்பது பெட்ரைபுங் எனப்படும் கடன் அறவீட்டுப் பதிவுதான். தங்கையின் கலியாணத்துக்காகவோ ஊரில் வளவு வாங்குவதற்காகவோ கடன் அட்டையில் எடுத்த பணம் கட்டப்படாமல் பதிவேட்டில் ஏறினால், உள்ளூர் நிர்வாகம் அதையே முதலில் தூக்கிப் பார்க்கும்.

அவுஸ்திரேலியாவில், 2012, 2013 காலத்தில் படகில் போய் 785 அல்லது 790 இலக்கத் தற்காலிகப் பாதுகாப்பு விசா பெற்றவர்களுக்கு, 2023 பெப்ரவரி அறிவிப்பின்படி அந்தஸ்துத் தீர்வு விசா எனப்படும் 851 இலக்க நிரந்தர விசா திறக்கப்பட்டது. அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு இடைக்கால விசாவில் மட்டும் இருப்பவர்கள் பொதுவாக இதற்குள் வருவதில்லை. அவர்களுக்கு இந்த விசாவை எடுத்துத் தருவதாகப் பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

நாட்கணக்கு

வதிவுக் காலம் என்றால் விசா ஒட்டப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை என்று நினைப்பவர்கள் பலர். அதிகாரியோ, அந்தக் காலத்துக்குள் நாட்டுக்கு வெளியே இருந்த நாட்களைத் தனியே கூட்டிப் பார்ப்பார். பிரித்தானியாவின் ஐந்தாண்டு வழியில் எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 180 நாட்களுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. தாயின் இழவுக்கு வந்து அந்தியேட்டி முடித்து, காணி விடயமாக இன்னும் இரண்டு மாதம் நின்று, அதே ஆண்டில் தம்பியின் கலியாணத்துக்கும் வந்தால் இந்த எல்லை அருகில் வந்துவிடும். மரணம், கடும் நோய் போன்ற காரணங்களால் எல்லை மீறியிருந்தால் அதை விளக்க இடமுண்டு. அதற்கு மரணச் சான்றிதழும் வைத்தியசாலைக் கடிதமும் அந்த நேரத்திலேயே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு பயணத்தின் போகும் திகதி, வரும் திகதி, காரணம் ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி, பழைய கடவுச்சீட்டுகளை ஒன்றும் வீசாமல் வைத்திருந்தால் போதும். பல ஆண்டுக்குப் பிறகு நினைவிலிருந்து நிரப்பிய திகதிகளுக்கும் விமான நிலையப் பதிவுகளுக்கும் பொருத்தம் இருக்காது.

அகதி அந்தஸ்துப் பெற்றவர் ஊருக்கு வருவது பற்றி

இதை யாரும் ஊரில் உரத்துச் சொல்வதில்லை என்பதால் சற்று விரித்தே எழுதுகிறேன். இலங்கை அரசிடமிருந்து தனக்கு ஆபத்து உண்டு என்று கூறிப் பாதுகாப்புப் பெற்ற ஒருவர், அதே இலங்கையின் தூதரகத்தில் கடவுச்சீட்டைப் புதுப்பித்து, மாமாங்கத் திருவிழாவுக்கோ சித்திரைக்கோ வந்து போனால், அவருக்கு இனிப் பாதுகாப்புத் தேவையில்லை என்று அந்நாடு முடிவு செய்யலாம். கனடாவில் 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, அகதி அந்தஸ்து இவ்வாறு நீக்கப்பட்டால் அதனூடாகக் கிடைத்த நிரந்தர வதிவிட உரிமையும் சேர்ந்தே போய்விடும். குடியுரிமை எடுக்கும்வரை இந்த ஆபத்துத் தொடரும். சுவிற்சர்லாந்தில் அங்கீகரிக்கப்பட்ட அகதிகள் சொந்த நாட்டுக்குப் பயணிப்பதைச் சட்டமே தடை செய்கிறது. அவுஸ்திரேலியாவின் தற்காலிகப் பாதுகாப்பு விசாக்களிலும் எந்த நாட்டிலிருந்து பாதுகாப்புக் கோரினாரோ அந்த நாட்டுக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனை உண்டு.

ஆகவே தாயின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற தவிப்பு எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், இந்த வகையினர் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் அந்நாட்டுக் குடிவரவு வழக்கறிஞரிடம் எழுத்தில் ஆலோசனை பெற வேண்டும். சென்னையிலோ திருச்சியிலோ குடும்பத்தைச் சந்திப்பது பலர் தேர்ந்தெடுக்கும் வழி. ஊரிலுள்ள உறவினரும் "எல்லாரும் வந்து போகினம், நீ மட்டும் ஏன் வரேல்ல" என்று கேட்பதை நிறுத்தினால் நல்லது.

ஊரில் சேர்க்க வேண்டிய பத்திரங்கள்

பிறப்புச் சான்றிதழே எல்லாவற்றுக்கும் அடி. பழைய மஞ்சள் நிறப் பிரதியை வைத்துக்கொண்டு இருக்காமல், பிறப்பு பதியப்பட்ட பிரதேச செயலகத்தில் புதிய சான்றுப்படுத்திய பிரதி ஒன்றை எடுக்க வேண்டும். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை விரைவாகும். கணினித் தரவுத்தளத்தில் ஏற்றப்பட்ட பதிவாயின் நாட்டின் எந்தப் பிரதேச செயலகத்திலும் அதைப் பெறலாம். யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் பதிவேடுகளையும் வீட்டுப் பத்திரங்களையும் இழந்தவர்கள் இங்கு குறைவில்லை. தேடியும் பதிவு கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்பதற்கான பெறுபேற்றை எழுத்தில் பெற்று, காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ விண்ணப்பிக்க வேண்டும். பாடசாலை அனுமதிப் பதிவேட்டின் சாறு, ஞானஸ்நானப் பதிவு, கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஆகியவை அதற்குத் துணையாகும். இது மாதக் கணக்கில் போகும் வேலை.

பிரதி கைக்கு வந்ததும் அதை நிதானமாக வாசிக்க வேண்டும். பழைய படிவங்களில் பெற்றார் விவாகம் செய்தவர்களா என்று ஒரு கூடு இருக்கும். கோயிலில் தாலி கட்டி, எழுத்துப் போடாமல் குடும்பம் நடத்திய தலைமுறையினரின் பிள்ளைகளுக்கு அந்தக் கூட்டில் "இல்லை" என்றிருக்கும். சிலவற்றில் தகப்பன் பெயருக்கான கூடே வெறுமையாக இருக்கும். ஆனால் கடவுச்சீட்டில் அந்தப் பிள்ளை தகப்பன் பெயரைத்தான் முதற்பெயராகக் கொண்டிருப்பான். நமக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. ஒட்டாவாவில் கோப்பைத் திறக்கும் அதிகாரிக்கோ, இவர் யாருடைய பெயரைப் பாவிக்கிறார் என்ற கேள்வி எழும். அவர் கேட்க முன்னர் விளக்கக் கடிதமும் பெற்றாரின் சத்தியக் கடதாசியும் கோப்பில் இருந்தால் ஒரு சுற்று மிச்சம்.

பெயர்ச் சிக்கல் இதோடு முடிவதில்லை. தமிழில் ஜெயந்தன் ஒரே ஜெயந்தன்தான். ஆங்கிலத்தில் அந்தத் தகர எழுத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பில் "டி" (T) மட்டும், அடையாள அட்டையில் "டி எச்" (TH), சாதாரண தரச் சான்றிதழில் தகப்பன் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கியும் கடவுச்சீட்டில் முழுதாக விரிந்தும் நிற்கும். முஹம்மது என்ற பெயரோ ஒரே ஆளின் நான்கு பத்திரங்களில் நான்கு விதமாக எழுதப்பட்டு, ஐந்தாவதில் "எம்" என்ற ஒற்றை எழுத்தாகிவிடும். போதாததற்கு வெளிநாட்டுப் படிவங்கள் குடும்பப் பெயர் எது என்று கேட்கின்றன. நமக்கு அப்படியொன்று இல்லாததால் ஒருமுறை தகப்பன் பெயரையும் இன்னொருமுறை சொந்தப் பெயரையும் போட்டு விடுகிறோம்.

செய்ய வேண்டியது இது. கடவுச்சீட்டில் உள்ள எழுத்தை அடிப்படையாக எடுத்து, அதன் பின் எடுக்கும் ஒவ்வொரு பத்திரத்திலும் மொழிபெயர்ப்பிலும் அதே எழுத்தைப் பாவிக்கும்படி கேட்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரிடம் கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுத்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். ஏற்கனவே வேறுபட்டுள்ளவற்றுக்கு, இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் அல்லது சத்தியப் பிரமாண ஆணையாளர் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடிக்கலாம். எழுத்து வேறுபாட்டுக்கு அது போதும். பிறந்த திகதியோ தாயின் பெயரோ பிழையாக இருந்தால் சத்தியக் கடதாசி போதாது. பதிவையே திருத்துவதற்குப் பிரதேச செயலகத்தின் ஊடாக விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னும் கடினமான ஒன்று உண்டு. பதினாறு, பதினேழு வயதில் முகவர் வயதைக் கூட்டி எடுத்துக் கொடுத்த கடவுச்சீட்டில் சவூதிக்கோ குவைத்துக்கோ போன பெண்கள், பின்னர் திருமணமாகி உண்மையான திகதியுள்ள கடவுச்சீட்டில் வேறு நாட்டில் குடியேறியிருக்கிறார்கள். நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில் முன்பு பாவித்த பெயர்கள், திகதிகள், கடவுச்சீட்டுகள் எல்லாம் கேட்கப்படும். மறைத்தால் அது பொய்த் தகவலாகும். கனடாவில் அதற்கான தண்டனை 5 ஆண்டுத் தடை. என் அபிப்பிராயத்தில் இதை வெளிப்படையாகச் சொல்லி, பிறப்புச் சான்றிதழைச் சேர்த்து, அப்போதைய வயதையும் யார் செய்தார்கள் என்பதையும் வழக்கறிஞர் மூலம் எழுதிக் கொடுப்பதே பாதுகாப்பான வழி.

விவாகச் சான்றிதழ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம்: எழுத்து நடந்த திகதியும் கோயிலில் அல்லது நிக்காஹ் நடந்த திகதியும் வேறாக இருந்தால் இரண்டையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். முஸ்லிம் விவாகங்களுக்கு முஸ்லிம் விவாகப் பதிவாளரின் பதிவிலிருந்து பெறப்பட்ட பிரதியும், முந்திய விவாகம் முறிந்திருந்தால் காதி நீதிமன்றத்தின் விவாகரத்துப் பத்திரமும் வேண்டும். இதோடு ஒட்டிய ஒரு விதியை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கனடாவில் நிரந்தர வதிவிடம் கிடைக்கும் நாளில் இருக்கும் மனைவியையும் பிள்ளைகளையும், அவர்கள் கூட வராவிட்டாலும், விண்ணப்பத்தில் அறிவிக்க வேண்டும். "தனியாள் என்று போட்டால் கெதியாக் கிடைக்கும், பிறகு கூப்பிடலாம்" என்ற பேச்சைக் கேட்டு விட்டுவிட்டவர்களால் பின்னர் அதே மனைவியைக் குடும்ப இணைப்பில் அழைக்க முடியாமல் போகிறது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது ஊருக்கு வந்து கலியாணம் செய்தாலும், பிள்ளை பிறந்தாலும் உடனே அறிவிக்க வேண்டும்.

பொலிஸ் நற்சான்றிதழுக்கு இலங்கைப் பொலிஸ் இணையத்தின் ஊடாக விண்ணப்பம் ஏற்கிறது, வெளிநாட்டிலிருப்பவரும் அனுப்பலாம். நீங்கள் எழுதும் முகவரிக்குரிய பொலிஸ் நிலையத்திடம் அறிக்கை கேட்கப்படுவதால், முகவரிகளையும் அங்கு வாழ்ந்த காலங்களையும் சரியாக எழுத வேண்டும். இடம்பெயர்ந்து முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்த காலத்தையும் விடக்கூடாது. கனடா, கடந்த 10 ஆண்டுகளில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டின் சான்றிதழையும் கேட்கிறது. மேலே சொன்ன வளைகுடா ஆண்டுகள் திரும்பி வருவது இங்கேதான். பழைய இகாமாவின் பிரதி, அந்தக் காலக் கடவுச்சீட்டு, வேலை ஒப்பந்தம் ஆகியவை இருந்தால் விண்ணப்பிக்கலாம். இவை ஒன்றும் இல்லாதவருக்கு அந்த நாட்டில் தான் இருந்ததை நிறுவுவதே பெரும்பாடு. இன்று தோஹாவில் இருக்கும் தம்பிக்கு இதை இப்போதே சொல்லி வைக்கலாம்.

மொழிபெயர்ப்பும் உறுதிப்படுத்தலும்

மொழிபெயர்ப்பைச் சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடமே செய்விக்க வேண்டும். அம்பாறை மாவட்டத்தவர் தம் பத்திரம் எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சிங்களத்தில் பதியப்பட்டதைத் தமிழுக்கு மட்டும் அதிகாரம் பெற்றவர் மொழிபெயர்த்தால் அது செல்லாது. முத்திரையில் என்ன எழுதியிருக்கிறது, ஓரத்தில் பதிவாளர் என்ன குறிப்பிட்டிருக்கிறார் என்பவையும் மொழிபெயர்க்கப்பட வேண்டும். அவற்றை விட்டுவிட்ட மொழிபெயர்ப்புகள் திரும்பி வருவதுண்டு. அவுஸ்திரேலியாவில் செய்யப்படும் மொழிபெயர்ப்பாயின் அங்கு நாட்டி (NAATI) எனப்படும் மொழிபெயர்ப்பாளர் அங்கீகார அமைப்பின் அங்கீகாரம் பெற்றவர் செய்ய வேண்டும். ஐரோப்பிய நாடுகள் சில, தம் நாட்டில் பதிவான மொழிபெயர்ப்பாளரையே ஏற்கின்றன. அதைக் கேட்டறிந்த பிறகு இங்கே பணம் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் உறுதிப்படுத்தல் கேட்கப்பட்டால் அதற்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. கொன்சியூலர் அலுவல்கள் பிரிவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலும் உண்டு. மட்டக்களப்பிலிருந்து அது பாதித் தூரமும் இல்லை.

சமர்ப்பிப்பும் அதன் பின்னும்

மொழிப் பரீட்சைப் பெறுபேறுகளை அளவுக்கு முந்தி எடுக்கவும் கூடாது; கனடாவுக்கு அவை 2 ஆண்டுக்கே செல்லும். பிரித்தானிய வாழ்க்கை பற்றிய லைஃப் இன் த யூகே பரீட்சையில் 45 நிமிடத்தில் 24 கேள்விகள், 75 வீதம் சரியாக இருக்க வேண்டும்; அது ஒருமுறை சித்தியடைந்தால் காலாவதியாவதில்லை, எனவே அதை நேரத்தோடு முடிக்கலாம்.

இருக்கும் விசா முடிவதற்கு முன்னரே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். பிரித்தானியாவில் அவ்வாறு நேரத்துக்குச் செய்தால் முடிவு வரும்வரை பழைய அனுமதியின் உரிமைகள் தொடரும். ஆனால் அந்த இடைவெளியில் நாட்டைவிட்டு வெளியேறினால் விண்ணப்பம் மீளப்பெறப்பட்டதாகவே கொள்ளப்படும். அங்கு தகுதிக்காலம் முடிவதற்கு 28 நாட்களுக்கு முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும் என்பதால், விசா முடியும் திகதியையும் இந்தத் திகதியையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். கடவுச்சீட்டு முடியும் நிலையில் இருந்தால் அதை முன்கூட்டியே புதுப்பிக்க வேண்டும்; தூதரகம் ஊடாகச் செய்வது விரைவான காரியமல்ல. அகதி அந்தஸ்துள்ளவர்களுக்கு இந்த வரி பொருந்தாது.

உதவி தேவையென்றால், கனடாவில் குடிவரவு மற்றும் குடியுரிமை ஆலோசகர் கல்லூரியிலும், அவுஸ்திரேலியாவில் குடிவரவு முகவர் பதிவு அதிகாரசபையிலும், பிரித்தானியாவில் குடிவரவு ஆலோசனை அதிகாரசபையிலும் பதிவானவரா என்று பெயரைத் தேடிப் பார்த்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும். பதிவில்லாதவர் நிரப்பிய படிவமானாலும் கீழே கையெழுத்து உங்களுடையது. பிழைக்குப் பொறுப்பும் உங்களுடையதே. அனுப்பிய ஒவ்வொரு பக்கத்தின் பிரதியையும் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும், ஏனெனில் குடியுரிமை விண்ணப்பத்தில் இதே கேள்விகள் மறுபடி வரும்.

அனுமதி கிடைத்த பிறகும் அதற்கு நிபந்தனை உண்டு. கனடாவில் ஒவ்வொரு 5 ஆண்டிலும் 730 நாட்கள் அங்கு இருந்திருக்க வேண்டும். பிரித்தானியாவின் அனுமதி 2 ஆண்டு தொடர்ந்து வெளியே இருந்தால் அற்றுப்போகும். சுவிஸ் சி அனுமதியோ 6 மாதத்திலேயே முடிந்துவிடும். நீண்டகாலம் ஊரில் நிற்க நினைப்பவர், புறப்படுவதற்கு முன் மாநில அலுவலகத்தில் கேட்டால் 4 ஆண்டுவரை அதைத் தக்கவைக்க அனுமதிப்பார்கள். அவுஸ்திரேலிய நிரந்தர விசாவில் வெளியே போய்த் திரும்பும் உரிமை வழக்கமாக 5 ஆண்டுக்குத் தரப்படுகிறது. அது முடிந்த பிறகு பயணிப்பதற்கு மீள்வருகை விசா வேண்டும். நிரந்தர வதிவிடம் பெற்றதால் இலங்கைக் குடியுரிமை போவதில்லை, ஊரிலுள்ள காணியை வைத்திருப்பதற்கும் தடையில்லை. அந்தக் கேள்விகள் எழுவது வேறு நாட்டுக் குடியுரிமை எடுக்கும்போதுதான்.